மூட்டு வீங்கினால் நரம்பையும் தொட்டுப் பாருங்கள்: தொழுநோயில் வரும் மூட்டு அழற்சி பற்றிப் புதியவர்களுக்கு

அந்த அக்காவால் வளையலைக் கழற்ற முடியவில்லை. இரண்டு மணிக்கட்டும் விரல் கணுக்களும் வீங்கியிருந்தன. கையை மடக்கச் சொன்னால் பாதிதான் மடங்கியது. எட்டு மாதமாக முடக்குவாதம் என்று ஒரு தனியார் மருத்துவமனையில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இரத்தப் பரிசோதனையில் முடக்குவாதக் காரணி பாசிட்டிவ் என்று வந்திருந்ததால் அங்கே யாரும் அதற்கு மேல் யோசிக்கவில்லை. சோப்புத் தண்ணீர் விட்டு வளையலை மெல்ல நகர்த்தினோம். கையின் ஓரத்தில் தோல் உரசிச் சிவந்துபோனது. அவர் முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை. அப்போதுதான் கையை மடக்கி முழங்கையின் உட்பக்கம் தடவினேன். அங்கே ஓடும் நரம்பு ஒரு கயிறு மாதிரி தடித்து விரலுக்கடியில் உருண்டது. காது மடல் தடித்திருந்தது. புருவத்தின் வெளி ஓரத்தில் முடி இல்லை. அந்த இடத்தை மையால் தீட்டி வைத்திருந்தார்.

அவருக்கு இருந்தது தொழுநோய். மூட்டு வீக்கமும் அதனால் வந்ததுதான்.

நான் இயன்முறை மருத்துவப் பிரிவில் பல வருடமாகத் தொழுநோய் உள்ளவர்களின் கை கால்களோடு வேலை செய்கிறவன். புதிதாகச் சேரும் கிராம சுகாதார செவிலியர், சுகாதார ஆய்வாளர், பிசியோதெரபி முடித்து வரும் தம்பி தங்கைகள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். வீட்டில் ஒருவருக்குத் தொழுநோய் என்று தெரிந்து, இப்போது அவருக்கு மூட்டும் வீங்கியிருக்கிறதே என்று பயந்து போயிருக்கும் குடும்பத்தாருக்கும் இது உதவும்.

நான் வலியுறுத்துவது ஒன்றைத்தான். தொழுநோய் உள்ளவரின் மூட்டைப் பார்க்கும்போது தோலையும் நரம்பையும் சேர்த்துப் பாருங்கள். வலி எவ்வளவு என்று கேட்டு, அதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். வலியைச் சொல்ல வேண்டிய நரம்பே இந்த நோயில் அடிபட்டிருக்கும்.

மூட்டு ஏன் வீங்குகிறது

தொழுநோய்க் கிருமி தோலையும், கை கால் முகத்துக்குப் போகும் வெளி நரம்புகளையும் பிடிக்கிறது. இது எல்லோருக்கும் தெரியும். அவற்றுக்கு அடுத்தபடியாக அதிகம் பாதிக்கப்படுவது எலும்பும் மூட்டும்தான் என்பது பலருக்குத் தெரியாது. மருத்துவப் படிப்பிலும் இது ஓரமாகத்தான் வரும்.

மூட்டு வீங்குவதற்கு ஒரே காரணம் கிடையாது. பெரும்பாலும் நாம் பார்ப்பது ரியாக்ஷனில் வரும் வீக்கம். கிருமிக்கு எதிராக உடலின் எதிர்ப்புச் சக்தி திடீரென்று சீறி எழுவதைத்தான் வார்டில் ரியாக்ஷன் என்று சொல்வோம். அது சிகிச்சைக்கு முன்னாலும் வரும், சிகிச்சை நடக்கும்போதும் வரும், எல்லா மாத்திரையும் முடிந்து சில வருடம் கழித்தும் வரும். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துப் பலர் நிறுத்திவிடுவது இந்தச் சமயத்தில்தான். அப்படி நிறுத்தினால் கிருமி உள்ளேயே தங்கிவிடும்.

ரியாக்ஷன் இரண்டு வகை. முதல் வகையில் பழைய தேமல்கள் சிவந்து தடிக்கும், நரம்பு வீங்கி வலிக்கும், கையும் பாதமும் மொத்தமாக உப்பிக்கொள்ளும். சில சமயம் விரல் மூட்டுகளும் கூடச் சேர்ந்து வீங்கும். இரண்டாம் வகை கிருமி அதிகம் உள்ளவர்களுக்கு வருவது. அதில் காய்ச்சல் அடிக்கும். முகம், கை, தொடைகளில் தொட்டாலே வலிக்கும் சிவப்புக் கட்டிகள் திடீரென்று எழும்பும். மணிக்கட்டு, விரல் கணு, முட்டி, கணுக்கால் என்று பல மூட்டுகள் ஒன்றாக வீங்கும். கண்ணும் விதையும் சிறுநீரகமும்கூட இதில் மாட்டும். ரியாக்ஷன் தணிந்தால் மூட்டும் பெரும்பாலும் தணியும்.

ரியாக்ஷன் எதுவும் இல்லாமல் மாதக்கணக்கில் இரண்டு கையிலும் ஒரே மாதிரி மெதுவாக வரும் வீக்கமும் உண்டு. முடக்குவாதம் என்று எல்லோரும் ஏமாறுவது இதில்தான். இந்த நோயில் முடக்குவாதக் காரணி பொய்யாகப் பாசிட்டிவ் காட்டுவது சகஜம். ஆன்டி சி.சி.பி. என்ற இன்னொரு பரிசோதனை பெரும்பாலும் நெகட்டிவாக வரும். அதனால் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

மீதி இரண்டும் நரம்பு செத்துப்போன பிறகு வருபவை. உணர்ச்சி இல்லாத காலில் எலும்பும் மூட்டும் உள்ளுக்குள் நொறுங்குவது ஒன்று. ஆறாத புண் வழியாகச் சீழ் மூட்டுக்குள் இறங்குவது இன்னொன்று. இவற்றை அப்புறம் பார்ப்போம்.

முதல் வேலை: உட்கார வைத்துக் கேளுங்கள்

வந்தவுடன் மூட்டை அமுக்கிப் பார்க்காதீர்கள். உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்துப் பேசுங்கள். ஒருவேளை பக்கத்து வீட்டுக்காரர்கூட அவரிடம் சரியாகப் பேசி மாதக்கணக்கு ஆகியிருக்கலாம்.

எப்போது ஆரம்பித்தது, ஒரு மூட்டா பல மூட்டா, காய்ச்சல் இருந்ததா என்று கேளுங்கள். கூட்டு மருந்து (தொழுநோய்க் கிருமியைக் கொல்லச் சேர்த்துக் கொடுக்கும் மாத்திரைகள்) சாப்பிடுகிறாரா, எத்தனையாவது மாதம், எப்போதாவது முடித்தாரா என்று கேளுங்கள். மாத்திரை அட்டையை வாங்கிப் பாருங்கள். எத்தனை மாத்திரை மிச்சம் இருக்கிறது என்று எண்ணினாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். பெண்களிடம் கர்ப்பம், சமீபத்திய பிரசவம் பற்றிக் கேட்க மறக்காதீர்கள். அந்தக் காலத்தில் ரியாக்ஷன் வருவது அதிகம்.

உணர்ச்சி இருக்கிறதா என்று நேராகக் கேட்டால் பெரும்பாலும் இருக்கிறது என்றுதான் பதில் வரும். நான் வேறு மாதிரி கேட்பேன். “நடக்கும்போது செருப்பு கழன்று விழுந்ததே தெரியாமல் கொஞ்ச தூரம் போயிருக்கிறீர்களா?” “சட்டைப் பித்தானைப் பார்க்காமல் போட முடிகிறதா?” “அடுப்படியில் கை சுட்டதை அப்புறம் கொப்புளத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டீர்களா?” இப்படிக் கேட்டால் உண்மை தானாக வரும்.

நம் ஊரில் மூட்டு வலி என்றால் சிக்குன்குனியா நினைவுக்கு வருவது நியாயம். 2006-இல் அது தமிழ்நாட்டையே முடக்கிப் போட்டது. காய்ச்சலும் பல மூட்டு வலியும் அதிலும் உண்டு. ஆனால் சிக்குன்குனியாவில் நரம்பு தடிக்காது, தேமல் மரத்துப்போகாது. அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கத்தான் அடுத்த வேலை.

வெளிச்சத்தில் தோலைப் பாருங்கள், விரலால் நரம்பைத் தொடுங்கள்

டியூப் லைட் போதாது. ஜன்னல் பக்கம், பகல் வெளிச்சத்தில் பாருங்கள். வெளிறிய அல்லது செம்பு நிறத் தேமல், அதில் வியர்வை இல்லாமை, முடி உதிர்வு, தடித்த காது மடல், புருவ ஓரத்தில் முடி இல்லாமை, மினுமினுப்பாக வழவழத்த முகத் தோல். கடைசியாகச் சொன்னது முக்கியம். கிருமி மிக அதிகம் உள்ள சிலருக்குத் தேமலே தனியாகத் தெரியாது, தோல் முழுவதும் சீராகத் தடித்திருக்கும். பார்ப்பவர்கள் நல்ல உடம்பு என்றுகூட நினைத்துவிடுவார்கள். கண் சிவந்திருக்கிறதா, வெளிச்சம் கூசுகிறதா என்று கவனியுங்கள். உள்ளாடைக்குள் இருக்கும் இடங்களை மறைப்பு வைத்து, அனுமதி கேட்டு, அவருக்கு ஏற்ற ஆளை வைத்துப் பாருங்கள்.

பிறகு நரம்பு. முழங்கையை லேசாக மடக்கி, உட்பக்க எலும்பு மேட்டுக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில் உங்கள் விரல் நுனிகளை வைத்து மெல்ல உருட்டுங்கள். முட்டிக்குக் கீழே வெளிப்பக்கம், சிற்றெலும்பின் கழுத்தைச் சுற்றி ஒரு நரம்பு ஓடுகிறது. கணுக்காலின் உட்பக்க மேட்டுக்குப் பின்னால் ஒன்று, காதுக்குக் கீழே கழுத்தின் பக்கவாட்டில் ஒன்று. இரண்டு பக்கத்தையும் ஒப்பிடுங்கள். தடிமன் எவ்வளவு, தொடும்போது வலிக்கிறதா? நீங்கள் தொடும்போது உங்கள் கண் நோயாளியின் முகத்தில் இருக்கட்டும். வாய் சொல்வதற்கு முன்னால் முகம் சொல்லிவிடும்.

தொட்டுப் பார்க்கத் தயங்குகிற புதியவர்களைப் பார்த்திருக்கிறேன். தொடுவதால் தொழுநோய் ஒட்டாது. சிகிச்சை எடுக்காத ஒருவரோடு மாதக்கணக்கில் நெருங்கி வாழும்போதுதான் கிருமி பரவ வாய்ப்பு. கூட்டு மருந்து ஆரம்பித்த சில நாட்களிலேயே பரப்பும் சக்தி போய்விடும். உங்கள் கை தயங்கினால் அவருக்கு உடனே தெரிந்துவிடும். அடுத்த முறை அவர் வராமலே போகலாம்.

வலு, உணர்ச்சி, வெப்பம் மூன்றையும் எழுதி வையுங்கள்

கண்ணை இறுக மூடச் சொல்லுங்கள். சுண்டுவிரலை வெளியே விரித்துப் பிடிக்கச் சொல்லி நீங்கள் உள்ளே தள்ளுங்கள். உள்ளங்கையை மேலே வைத்து, கட்டைவிரலைக் கூரையை நோக்கித் தூக்கச் சொல்லி அமுக்குங்கள். மணிக்கட்டைத் தூக்கச் சொல்லுங்கள், பாதத்தைத் தூக்கச் சொல்லுங்கள். நன்றாக இருக்கிறதா, பலவீனமா, அசைவே இல்லையா என்று மூன்றில் ஒன்றைக் குறிக்கவும்.

உணர்ச்சிக்கு மோனோஃபிலமென்ட் (குறிப்பிட்ட அழுத்தத்தில் வளையும் நைலான் இழை) இருந்தால் கைக்கு 2 கிராம், காலுக்கு 10 கிராம். இல்லாவிட்டால் பால்பாயிண்ட் பேனா போதும். அழுத்தாமல் தோல் லேசாகக் குழியும் அளவுக்கு மட்டும் தொட்டு, கண்ணை மூடிய அவர் தொட்ட இடத்தைத் தன் விரலால் காட்ட வேண்டும். கை கால் படத்தை வரைந்து, தெரியாத புள்ளிகளைக் குறித்து வையுங்கள்.

மூட்டு வலிக்காகத்தானே வந்தார், இதெல்லாம் எதற்கு என்று தோன்றலாம். ரியாக்ஷன் மூட்டைப் பெரும்பாலும் விட்டுவிடும், நரம்பை விடாது. நரம்பு அடிபட்டு ஆறு மாதத்துக்குள் ஸ்டீராய்டு சிகிச்சை தொடங்கினால் மீளும் வாய்ப்பு நன்றாக இருக்கிறது. தாமதமானால் கை மடங்கியபடியே நின்றுவிடும். மூட்டு வலிக்கு மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டு, அதே நாளில் சுண்டுவிரல் பலவீனமானதைக் கவனிக்காமல் விட்டால், அந்தக் கை அவருக்குப் போனது போனதுதான்.

வெப்பத்தைப் பார்க்க உங்கள் புறங்கை போதும். நடந்து வந்தவரைக் கால் மணி நேரம் உட்கார வைத்து, பிறகு இரண்டு கணுக்காலிலும் பாதத்திலும் மாறி மாறி வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் சூடாக இருந்தால் அதைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். தோல் வெப்பமானி இருந்தால், 2 டிகிரி செல்சியஸ் வித்தியாசத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அன்றே பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டியவர்கள்

கண் சிவந்து வலித்தால், பார்வை மங்கினால். சில நாட்களில் கையோ காலோ தூக்க முடியாமல் போனால், நரம்பில் தாங்க முடியாத வலி இருந்தால். காய்ச்சலோடு கட்டிகள் உடைந்து புண்ணானால். ஒரே ஒரு மூட்டு மட்டும் சூடாகச் சிவந்து வீங்கி, பக்கத்தில் புண்ணும் இருந்தால். விதை வீங்கினால். கர்ப்பிணிக்கு ரியாக்ஷன் வந்தால். உணர்ச்சி இல்லாத கால் திடீரென்று சூடாக வீங்கினால்.

இன்னொன்று தனியாகச் சொல்ல வேண்டியது. கூட்டு மருந்து தொடங்கிய முதல் இரண்டு மாதத்துக்குள் காய்ச்சலும் உடல் முழுக்கத் தடிப்பும் கண் மஞ்சளும் வந்தால் அது டாப்சோன் மாத்திரை ஒத்துக்கொள்ளாததாக இருக்கலாம். உயிருக்கே ஆபத்தானது. அப்போது மட்டும் மாத்திரையை உடனே நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். மூட்டு வீக்கத்துக்காகவோ சாதாரண ரியாக்ஷனுக்காகவோ நிறுத்தக் கூடாது.

மருந்து

கூட்டு மருந்தை உலக சுகாதார நிறுவனம் 1981-இல் பரிந்துரைத்தது. ரிஃபாம்பிசின், டாப்சோன், குளோஃபசிமின் மூன்றும் சேர்ந்தது. கிருமி அதிகம் உள்ளவர்களுக்கு 12 மாதம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும். ரிஃபாம்பிசின் சாப்பிட்ட நாளில் சிறுநீர் சிவப்பாகப் போகும், குளோஃபசிமினால் தோல் கறுக்கும். இரண்டையும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். முகம் கறுப்பதைப் பார்த்து மருந்தை நிறுத்திய இளம்பெண்கள் உண்டு. மருந்து முடிந்த பிறகு நிறம் மெல்ல மெல்லத் திரும்பும் என்பதைப் பொறுமையாகச் சொன்னால் புரிந்துகொள்வார்கள். ரியாக்ஷன் இல்லாமல் மெதுவாக வரும் மூட்டு வீக்கம் பெரும்பாலும் இந்தக் கூட்டு மருந்துக்கே தணிய ஆரம்பிக்கும்.

ரியாக்ஷன் லேசாக இருந்தால் ஓய்வும் சாதாரண வலி மாத்திரையும் போதும். நரம்போ கண்ணோ பாதிக்கப்பட்டால், மூட்டு வீக்கம் ஆளையே முடக்கினால், பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு. தேசியத் திட்டத்தில் பொதுவாகப் பின்பற்றும் முறை 40 மில்லிகிராமில் தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 30, 20, 15, 10, 5 என்று குறைத்து 12 வாரத்தில் முடிப்பது. சிலருக்கு இன்னும் நீண்ட நாள் தேவைப்படும். அளவை மருத்துவர்தான் முடிவு செய்வார். தொடங்கும் முன் சர்க்கரை, இரத்த அழுத்தம், காசநோய் அறிகுறி பார்க்க வேண்டும், பூச்சி மாத்திரை கொடுக்க வேண்டும். காலையில் சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொல்லுங்கள்.

இங்கே நான் அதிகம் பயப்படும் ஆபத்து ஒன்று இருக்கிறது. ஸ்டீராய்டு போட்ட மூன்றாம் நாளே மூட்டு வலி பறந்துவிடும். அந்தச் சுகத்தைக் கண்டவர், அடுத்த தடவை வலித்தால் பழைய சீட்டோடு நேராக மருந்துக்கடைக்குப் போய்த் தானே வாங்கிப் போடுவார். மாதக்கணக்கில் இப்படிப் போட்டு, முகம் உப்பி, சர்க்கரை ஏறி, எலும்பு தேய்ந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்துதான், உடல் அப்படியே சரிந்துவிடும். அதனால் ஸ்டீராய்டு போடுகிறவரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது நீங்கள் பார்க்க வேண்டும். அவர் வராவிட்டால் நீங்கள் போங்கள்.

இரண்டாம் வகை ரியாக்ஷன் திரும்பத் திரும்ப வந்தால் குளோஃபசிமினைக் கூடுதல் அளவில் கொடுப்பார்கள். தாலிடோமைடும் கொடுப்பதுண்டு. ஜேக்கப் ஷெஸ்கின் என்ற மருத்துவர் 1960-களில் ஜெருசலேமில் தூக்க மாத்திரையாக அதைக் கொடுத்தபோது ரியாக்ஷன் தணிவதைக் கண்டார். கருவில் உள்ள குழந்தையின் கை கால்களைச் சிதைக்கும் மருந்து அது. குழந்தை பெறும் வயதுப் பெண்களுக்கு மிகக் கடுமையான கட்டுப்பாடு இல்லாமல் அது கூடாது. வீட்டில் ஒருவருக்குக் கொடுத்ததை இன்னொருவர் எடுக்கவே கூடாது.

ஒத்தடம் வேண்டாம்

வீக்கம் என்றால் நம் வீடுகளில் முதலில் செய்வது ஒத்தடம். உப்பை வறுத்துத் துணியில் கட்டி வைப்பார்கள், செங்கல்லைச் சுட்டு வைப்பார்கள், நொச்சி இலையை வதக்கி வைப்பார்கள். மற்றவர்களுக்கு அது இதம். உணர்ச்சி இல்லாத தோலுக்கு அது நெருப்பு. ஒருமுறை ஒரு பெரியவர் கணுக்கால் வீக்கத்தோடு வந்தார். மருமகள் அன்போடு இரண்டு நாள் உப்பு ஒத்தடம் கொடுத்திருந்தார். துணியின் மடிப்பு அப்படியே தோலில் வரி வரியாகப் பதிந்து, கொப்புளம் உடைந்து கிடந்தது. “நல்லா சுகமா இருந்துச்சு” என்றார் அவர். அந்தப் பெண் அழுதுவிட்டார். அவர் மேல் தப்பில்லை, யாரும் முன்னால் சொல்லவில்லை. நீங்கள் சொல்லிவிடுங்கள். வெந்நீர் பை, எரிச்சல் தரும் வலிக் களிம்பு, ஐஸ் கட்டி, இறுக்கிப் போடும் எண்ணெய்க் கட்டு எதுவும் வேண்டாம்.

வீக்கம் கடுமையாக இருக்கும் நாட்களில் மூட்டுக்கு ஓய்வு கொடுங்கள். கையைத் தலையணை மேல் உயர்த்தி வைக்கட்டும். இரவில் கைக்கு ஸ்பிளின்ட் (கையை ஒரே நிலையில் தாங்கிப் பிடிக்கும் பட்டை) போடலாம். மணிக்கட்டு லேசாக மேல்நோக்கி, விரல்கள் அடிக்கணுவில் மடங்கி, நடுக்கணுவிலும் நுனிக்கணுவிலும் நேராக இருக்கும்படி. ஓய்வு என்று சொல்லிக் கையைச் சுருட்டியே வைத்திருந்தால், வீக்கம் வடியும்போது கை சுருண்டபடி இறுகிவிடும். ஸ்பிளின்ட் போட்ட முதல் நாள் இரண்டு மணிக்கு ஒருமுறை கழற்றித் தோலைப் பாருங்கள். சிவந்த இடம் இருபது நிமிடத்தில் மறையாவிட்டால் அங்கே உறுத்துகிறது, பஞ்சு வைத்துச் சரிசெய்ய வேண்டும்.

தேய்ப்பது, நீவுவது, முறித்து விடுவது இந்தக் கட்டத்தில் கூடாது. வலி குறையத் தொடங்கியதும் அவரே தன் கையால் மெல்ல அசைக்கட்டும்.

வலிக்காத கால் நொறுங்கும்போது

ஒரு கூலித் தொழிலாளி, நாற்பது வயது இருக்கும். கூட்டு மருந்து முடித்துப் பல வருடம் ஆகிவிட்டது. ஒரு வரப்பில் கால் பிசகியதாகவும், பெரிதாக வலியில்லை என்றும் மூன்று வாரம் வேலைக்குப் போயிருந்தார். கணுக்கால் பூசணிப் பிஞ்சு மாதிரி வீங்கியிருந்தது. புறங்கையை வைத்தால் அடுத்த காலை விடச் சுட்டது. எக்ஸ்ரேயில் பாதத்தின் நடு எலும்புகள் பொடிப்பொடியாக இருந்தன. அவர் அந்தக் காலில் நடந்துதான் வந்தார்.

இதை ஷார்கோ மூட்டு என்பார்கள். உணர்ச்சி இல்லாததால் சின்ன அடி தெரியாது. தெரியாததால் நடக்கிறார். நடக்க நடக்க எலும்பு நொறுங்குகிறது, பாதத்தின் வளைவு கீழே இறங்கித் தொட்டில் மாதிரி ஆகிவிடுகிறது. அந்த மேட்டில் புண் வருகிறது, புண்ணில் சீழ் வைக்கிறது. தொடக்கத்தில் எக்ஸ்ரே சரியாகவே இருக்கலாம். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று சொல்லி நடக்க அனுப்பிவிடாதீர்கள். சூடும் வீக்கமும் இருந்தால் முதலில் அந்தக் கால் தரையில் படக் கூடாது. ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

அங்கே பாதத்தோடு ஒட்டினாற்போல் மாவுக்கட்டு போடுவார்கள். வீக்கம் வடிய வடியக் கட்டு தளர்ந்து உரசும், அதனால் அடிக்கடி மாற்ற வேண்டும். இது மாதக்கணக்கில் நீளும். கூலி வேலை செய்கிறவருக்கு மாதக்கணக்கில் உட்காருவது என்றால் வீட்டில் அடுப்பு எரியாது. அதை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் மூன்று மாதம் உட்காராதவர் அந்தக் காலையே இழக்க வேண்டி வரலாம். அதனால் கட்டுப் போடும் அன்றே உதவித்தொகை, ரேஷன், பிள்ளைகளின் பள்ளி பற்றிக் குடும்பத்தோடு பேசுங்கள். அதுவும் சிகிச்சைதான். மாவுக்கட்டு பிரித்த பிறகு ஒரே நாளில் பழையபடி நடக்கக் கூடாது. கணுக்காலைத் தாங்கும் பூட்ஸோடு, கொஞ்சம் கொஞ்சமாக, சூட்டைத் தினமும் பார்த்தபடி நடக்க வேண்டும்.

சீழ் பிடித்த மூட்டு வேறு. அதில் புண் இருக்கும், நாற்றம் இருக்கும், காய்ச்சல் இருக்கும். ஆனால் ஷார்கோவிலும் சூடும் சிவப்பும் உண்டு. புண்ணும் சேர்ந்திருந்தால் இரண்டில் எது என்று நீங்களே முடிவெடுக்காமல் உடனே அனுப்பிவிடுங்கள். தாமதித்தால் சீழ் எலும்புக்குள் போய்விடும்.

வீக்கம் வடிந்த பிறகு

தொழுநோயில் விரல்கள் அழுகி விழுகின்றன என்றுதான் நீண்ட காலம் எல்லோரும் நம்பினார்கள். 1940-களின் இறுதியில் வேலூரில் மடங்கிய கைகளுக்குத் தசைநார் மாற்று அறுவை செய்யத் தொடங்கிய பால் பிராண்ட், விரல்களை அழிப்பது வலி தெரியாமல் படும் காயங்களும் சூடும் புண்களும்தான் என்று காட்டினார். அந்தப் புரிதலில் இருந்துதான் கரிகிரி, செங்கல்பட்டு தொழுநோய் மையங்களில் இன்று நாம் சொல்லிக்கொடுக்கும் தினப் பராமரிப்பு வளர்ந்தது.

தினமும் சாயந்தரம், சாதாரணத் தண்ணீரில் கையையும் காலையும் இருபது நிமிடம் ஊற வைக்கட்டும். வெந்நீர் வேண்டாம். காய்ப்பு இருந்தால் சொரசொரப்பான கல்லில் மெல்லத் தேய்த்து, ஈரத்தோடு தேங்காய் எண்ணெய் தடவ வேண்டும். அப்புறம் பயிற்சி. புறங்கையைத் தன் தொடை மேல் வைத்து, அடுத்த கையால் விரல் அடியிலிருந்து நுனி வரை நேராக்கித் தடவ வேண்டும். ஒவ்வொரு தடவையும் கடைசியில் சற்று நிறுத்தி, பத்து முறை, ஒரு நாளில் இரண்டு மூன்று தடவை. பாதம் தூக்க முடியாதவர் காலை நீட்டி உட்கார்ந்து, துண்டை முன்பாதத்தில் மாட்டித் தன் பக்கம் இழுக்க வேண்டும். வீங்கிய மூட்டு இறுகிப்போகாமல் காப்பாற்றுவது மருந்தை விட இந்தச் சாயந்தர அரை மணி நேரம்தான் என்பது என் அனுபவம்.

காலுக்கு எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர் வைத்த செருப்பு, பின்பக்கம் வாரோடு. தொழுநோய்த் திட்டத்தில் இலவசமாகத் தருகிறார்கள். வாங்கிப் பத்திரமாகப் பரணில் வைத்துவிட்டு வெறும் காலோடு நடப்பவர்களும் உண்டு, ‘அந்தச் செருப்பு’ என்று ஊரே அடையாளம் கண்டுகொள்ளும் என்ற பயத்தில். அப்படிப்பட்டவருக்கு அதே ரப்பரை வைத்துச் சாதாரணச் செருப்பு மாதிரி தைத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். போடாத செருப்பு எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை.

வீட்டில் இருப்பவர்களையும் பாருங்கள். கூடவே வாழ்கிறவர்களுக்குத் தேமல் இருக்கிறதா என்று சோதித்து, நோய் இல்லாதவர்களுக்கு ஒரே ஒரு வேளை ரிஃபாம்பிசின் தடுப்பு மருந்தாகக் கொடுக்கிறார்கள். தட்டு, டம்ளர், படுக்கை எதையும் பிரிக்க வேண்டியதில்லை. தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்க இடம் கொடுத்த சட்டப் பிரிவுகள் 2019-இல் நீக்கப்பட்டுவிட்டன. வார்டில் ஒரு பெண் என்னிடம் முதலில் கேட்டது மூட்டைப் பற்றி அல்ல, இதைப் பற்றித்தான்.

கடைசியாகச் சிகிச்சை அட்டை. மருந்து முடிந்ததும் பலர் அதைக் கிழித்துப் போட்டுவிடுவார்கள், மறக்க வேண்டும் என்று. வேண்டாம். இரண்டு வருடம் கழித்து மூட்டு வீங்கி வேறு ஊரில் வேறு டாக்டரிடம் போகும்போது, அந்த அட்டையைக் காட்டினால் அவர் முடக்குவாதம் என்று நினைப்பதற்கு முன்னால் ரியாக்ஷனா என்று யோசிப்பார். அட்டையை ஆதார் கார்டோடு ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். ஒரு பிரதியை வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வைக்கட்டும். நீங்கள் வரைந்த கை கால் படத்தின் ஒரு நகலையும் தேதி போட்டு அதற்குள்ளேயே வையுங்கள்.